தூக்கும்போது கயிறு கையில் இருந்ததா

தோலைச் சுழற்றிப் பதனிடுகிற ஓட்டை டிரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொழில் ஆரம்பித்தவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு ஆம்பூர் பைபாஸில் போகிற எவனும் என் டேனரியின் கூரையைப் பார்க்காமல் போக முடியாது. அந்தக் கூரையை நான் போட்டேன். அதன் பின்னால் இருக்கிற கழிவுத் தொட்டிகளை, ஒரு மனிதன்கூட உள்ளே இறங்கத் தேவையில்லாதபடி மோட்டார் வைத்துச் சேற்றை இழுக்கிற மாதிரி, இன்ஜினியர் வீண் செலவு என்று தலையில் அடித்துக்கொண்டபோதும் பக்கத்தில் நின்று கட்டினேன். மாசுப் பிரச்சினை என்று கோர்ட்டு உத்தரவு வந்து ஊரில் பாதி டேனரி பூட்டிக் கிடந்த காலத்தில் என் கதவு ஒரு நாளும் பூட்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் வந்து என் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே ஆர்டர் கொடுத்தான். மகள்களில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டீச்சர். எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற மணி நான் வாங்கிக் கொடுத்தது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் எம்.ஏ. படித்தவள். "மாமா, பெருமை ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் கம்மி பண்ணட்டுமா?" என்கிறாள். பண்ணக் கூடாது. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவையும் கட்டியவனின் ஆபீஸ் அறையில், நாற்காலிக்குப் பின்னால், இயேசு படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பழைய தேங்காய் நார்க் கயிறு தொங்குகிறது. சுண்ணாம்பு ஏறி வெளுத்துப்போன கயிறு. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். நானும் சொல்லுவேன். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நன்றாகவே சொல்லியிருக்கிறேன். அந்தக் கயிற்றைப் பற்றி என்னைச் சரியாகக் கேட்டவர் ஒரே ஒருத்தர். அவரை இங்கே புரொபசர் என்றுதான் சொல்லுவேன். அவர் செத்துப் போய்ப் பல வருஷம் ஆன பிறகு, அவர் வேலை செய்த பக்கத்து ஊர்க் கல்லூரியில் அவர் ஞாபகமாகப் புத்தகம் ஒன்று போட்டார்கள். அதில் நான் இருக்கிறேன், ஆனால் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

முதலில் கயிறு. அப்போது நான் முதலாளி இல்லை. வேறொருவர் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தேன். கூட ஒரு கூட்டாளி இருந்தான். ஒரே தெரு, ஒரே ஞாயிறு பள்ளி, ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால் குழி ஆட்களில் எவனாவது இறங்கி வாளியில் சேற்றை வாரிக் கொடுக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே நிற்கிறவன் கையில் மறுமுனை. சுண்ணாம்பில் ஊறிய கை எப்போதும் வழவழ என்று இருக்கும், பிடித்த மீன் நழுவுகிற மாதிரி கயிறு நழுவும். அதனால் மேலே நிற்கிறவன் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். பக்கத்திலேயே கல் தூண் இருக்கும். அதில் கட்டலாம் என்று எங்களில் ஒருத்தனும் நினைத்ததில்லை. தூணில் கட்டினால், இறங்குகிறவனை நான் பிடித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கையில் சுற்றினால்தான் "நான் இருக்கேன், நீ போ" என்று அர்த்தம். எங்கள் குழி ஆட்களின் மரியாதை அது. எங்கள் முட்டாள்தனமும் அதுதான்.

அன்றைக்கு என் முறை. நான் கட்டம் போட்ட நீலச் சட்டை போட்டிருந்தேன், புதுசு. அவன் சிரித்தான். "மாப்ளே, புதுச் சட்டைய சேத்துல நாசம் பண்ணிக்காத. உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டும். நீ மேல நில்லு" என்றான். இரும்புப் படிகளில் பாதி தூரம்கூட இறங்கியிருக்க மாட்டான். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. அடுத்த மூச்சில் அந்த நாற்றமே இல்லை. நாற்றம் நின்றுபோனால்தான் விஷம் ஏறிவிட்டது என்று இன்றைக்கு என் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் தலை மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்தது, தூங்குகிறவன் தலை மாதிரி. கயிறு விர்ரென்று இழுத்தது. மணிக்கட்டில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "குதிச்சிட்டியேடா! கூட்டாளிக்காகக் குதிச்சிட்டியே!" அந்த வார்த்தையை முதலில் கத்தியவர் டிரம் பாய். டிரம் ஓட்டுகிறவர், வயசானவர், எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். தோல் இழுக்கிற நீளக் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, என் சட்டையில் மாட்டி, தொட்டி ஓரத்துக்கு இழுத்தவர் அவர்தான். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். என் கூட்டாளியை எடுக்கும்போது உயிர் இல்லை.

அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. எங்கள் சாயபு முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து என் நெற்றியில் கை வைத்தார். "உசுரக் குடுக்கத் துணிஞ்சவன் கையில எதையும் குடுக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னை மேஸ்திரி ஆக்கினார். பிறகு மூலையில் ஓட்டையாகக் கிடந்த டிரம்மை வாடகைக்கு விட்டார். மீதியெல்லாம் என் திறமை, என் உழைப்பு, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பயமாக இருக்கிற ஒவ்வொரு இடத்திலும், குதித்தவன்டா நீ, இதற்குப் போய்ப் பயப்படுகிறாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் முன்னால் போனேன். என் கட்டடத்துக்கு அடியில் கல்லுக்கும் கீழே இருப்பது அந்த ஒரு வார்த்தை.

புரொபசர் வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில். அதற்குள் நான் சொந்தமாகத் தொழில் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து டேனரிக்கு வந்தால் கேட்டில் மொபெட் நிற்கிறது. ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் ஆளோ என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் பேசினேன். "இன்னா சார் வேணும்?" என்றேன். "நீங்கதானே தொட்டியில குதிச்ச மேஸ்திரி? ஒரு கேள்வி கேட்கணும்" என்றார். நான் முதலாளி ஆகிவிட்டிருந்தும் கடைசி வரைக்கும் அவர் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார். இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அவர் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். தத்துவம் படிக்க ஆள் வராமல் அந்த வகுப்பையே மூடிவிட்டார்கள். அவருக்கு வேறு ஏதோ பாடம் கொடுத்திருந்தார்கள். மனிதன் பிறவியிலேயே நல்லவனா, இல்லை பயந்தும் பழகியும் நல்லவன் ஆகிறானா என்று பெரிய பெரிய ஆட்கள் காலம் காலமாகச் சண்டை போட்டிருக்கிறார்களாம். "அவங்க எல்லாரும் ரூமுக்குள்ள உட்கார்ந்து யோசிச்சாங்க மேஸ்திரி. நான் குதிச்சவங்களைப் போய் நேர்ல கேட்கலாம்னு கிளம்பினேன்" என்றார். எங்கள் பக்கத்தில் தொட்டியில் இறங்கினவனைக் காப்பாற்றப் போய்ப் பின்னாலேயே செத்தவர்கள் உண்டு. தப்பித்தவர்கள் கம்மி. அவருக்குக் கிடைத்தவன் நான்.

நான் பெருமையாகக் கதையைச் சொன்னேன். கயிறு இழுத்தது, சட்டென்று மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்து வீசினேன், காலை உந்தினேன், குதித்தேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். லீவு நாளில் டிரம் எல்லாம் நின்றிருக்கும். அந்த அமைதியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். எனக்கும் பிடித்திருந்தது. என்னை அந்த மாதிரி உட்கார வைத்துக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. ஒரு நாள் நான் சொன்னேன்: "சார், ஆளும் தோல் மாதிரிதான். மயிரோட இருக்கும்போது எல்லாமே முதல் தரம்தான். சுண்ணாம்புல போட்டு மயிர் போன பெறகுதான் முள்ளு கீறினது, உண்ணி கடிச்சது, எல்லாம் தெரியும்." அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சுண்ணாம்பே தோலைத் தின்னும் இல்லையா மேஸ்திரி? கொஞ்சம் கூட வெச்சிட்டா, நீங்க பார்க்கிற குறை தோலோடதா, சுண்ணாம்போடதா?" என்றார். "ஞாயித்துக்கெழமையில பேஜார் பண்றீங்களே சார்" என்று சிரித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். மதியம், வெயில் தகரக் கூரையில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "இப்ப அந்த ஞாபகம் வருதா?" என்றார். "வருது சார்." "எங்க நிக்கிறீங்க?" "தொட்டி ஓரத்துல." "உங்க கை தெரியுதா?" நான் பார்த்தேன். கை தெரியவில்லை. நீலக் கட்டச் சட்டை தெரிந்தது. முதுகுப் பக்கம் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "முதுகு தெரியுது சார்" என்றேன். டிரம் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி கேட்டார்: "உங்க முதுகை நீங்க எப்படி பார்த்தீங்க மேஸ்திரி?"

என் முதுகைப் பார்த்தது டிரம் பாய். அவர் கண்ணில் பட்டது என் தலைக்குள் எப்படி வந்தது? ஆஸ்பத்திரியில் அவர்கள் சொல்லச் சொல்ல நான் உள்ளே படம் வரைந்துகொண்டேனா? அப்படியென்றால் என்னுடையது என்று மிச்சம் இருப்பது எது? கயிறு இழுத்தது, மணிக்கட்டு எரிந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் குதித்தேனா, கயிறு என்னை இழுத்துக்கொண்டு போனதா?

புரொபசர் அதைத் தன் பாடத்து வார்த்தையில் விளக்கினார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள நம் முன்னோர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்களாம். நேரில் காண்பது காட்சி. அடையாளத்தை வைத்து ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லிக் கேட்பது உரை. "காட்சி உங்ககிட்ட இல்ல. இருந்தும் இல்லாம போச்சு" என்றார். என் மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். வளையல் போட்ட மாதிரி வெள்ளையாகச் சுற்றி இருக்கும். "இது கயிறு இழுத்ததைச் சொல்லுது. அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லல. கருதலும் பாதியில நிக்குது." மிச்சம் உரை. "தூக்கும்போது கயிறு உங்க கையில சுத்தியிருந்ததா, இல்லையா? இருந்தா இழுத்திருக்கு. இல்லன்னா அவுத்துட்டுக் குதிச்சிருக்கீங்க. முதல்ல உங்க கையைத் தொட்டவர் டிரம் பாய் ஒருத்தர்தானே?"

அதே ஞாயிற்றுக்கிழமைதான் நான் கோபமாகக் கேட்டேன், உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சின்ன வயதில் அவர் தம்பி கிணற்றில் விழுந்துவிட்டானாம். இவர் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாராம். ஆட்கள் வந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு மேஸ்திரி. செருப்பைக் கழட்டி கையில வெச்சிருந்தேன். இறங்கத்தான் கழட்டினேனா, இல்ல, புதுச் செருப்பு நனையக் கூடாதுன்னு கழட்டினேனா? அம்பது வயசாகுது. தெரியல" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் கோபம் எங்கே போனதோ தெரியாது. "இறங்கத்தான் சார் கழட்டியிருப்பீங்க. தண்ணில இறங்கறவன்தான் செருப்பக் கழட்டுவான். நிக்கிறவன் எதுக்குக் கழட்றான்?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் விளக்க மாட்டேன். கண்ணாடி இல்லாத முகம், அவ்வளவுதான் சொல்லுவேன். அவர் கை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டது.

டிரம் பாய் அதற்குள் வேலையை விட்டுவிட்டு மேல்விஷாரத்தில் மகன் வீட்டோடு போய் இருந்தார். புரொபசர் போவார் என்று எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம், ஞாயிறுகூட இல்லை, மொபெட் வந்து நின்றது. கையில் ஒரு ஸ்வீட் பெட்டி. ஆற்காட்டு மக்கன் பேடா. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆற்காட்டுக்குப் பக்கத்திலேயே மேல்விஷாரம். அவர் சொல்லிக் கொடுத்த கருதலை முதன்முதலாக நான் உபயோகித்தது அங்கேதான்.

ஆட்கள் வீட்டுக்குப் போகிற நேரம். ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். கடைசி டிரம்மும் நின்றது. டிரம் நிற்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும். தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அடங்கின பிறகு அவர் சொன்னார்: "பாய் நல்லா இருக்கார். உங்களை ரொம்ப விசாரிச்சார். 'எங்க புள்ள பெரிய ஆளாய்ட்டானாமே, அல்லா நல்லா வெக்கணும்'னார். நான் கேட்டேன். அவர் சொன்னார்." நிறுத்தினார். "நீங்க கேட்டா நான் சொல்றேன் மேஸ்திரி. கேட்கலன்னா அது என்னோட போகும்."

நான் பெட்டியைத் திறந்தேன். "பேடா எடுத்துக்குங்க சார்" என்றேன்.

அவர் ஒன்று எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். போகும்போது மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க எத்தனையோ தடவை முயற்சி பண்ணியிருக்கிறேன். தோலைத் தடவியே எந்த ஊர் ஆடு என்று சொல்லுகிற ஆள் நான், ஒரு மனிதன் முகத்தைப் படிக்க முடியவில்லை. நல்ல பதிலாக இருந்தால் உடனே சொல்லியிருப்பாரே என்று ஒரு நாள் தோன்றும். கெட்ட பதிலாக இருந்தால் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கவே மாட்டாரே, கயிறு கையில் இல்லை என்று பொய் சொல்லி முடித்திருப்பாரே என்று மறுநாள் தோன்றும். அவர் ஞாயிறுதோறும் வந்துகொண்டுதான் இருந்தார். வேறு என்னென்னவோ பேசினோம். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த ஆளுக்கு நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை.

ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பயந்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் கூட்டாளியின் பெண்ஜாதி வருஷாவருஷம் அவன் செத்த நாளில் கல்லறைக்குப் போய்விட்டு நேராக என் ஆபீசுக்கு வரும். கயிற்றில் ஒரு முழம் மல்லிகைப் பூவைச் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு தடவை சொன்னது: "அவரு தனியா போகல இல்லண்ணா. நீ கூடவே குதிச்ச. அத நெனச்சுதான் நான் தூங்கறேன்." அந்தப் பொம்பளையின் தூக்கம் ஒரு கிழவரின் வாயில் இருந்தது, பிறகு புரொபசரின் வாயில் இருந்தது. அதைத் திற என்று நான் எப்படிச் சொல்வேன்? சாயபு முதலாளி என் நெற்றியில் வைத்த கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நான் கட்டின கூரையை எது தாங்கும்?

டிரம் பாய் இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போனேன், மூன்று பிடி மண் போட்டேன். மண் போடும்போது தோன்றியது: இனிமேல் இது ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. அதற்கப்புறமும் நான் கேட்கவில்லை. நாள் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் என்னைவிடச் சின்னவர். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனுஷன்.

பிறகு ஒரு நாள் தகவல் வந்தது. புரொபசருக்குப் பக்கவாதம், வேலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்று. போனேன். மதிய நேரம், வார்டில் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. அவர் சம்சாரம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஆனால் கண் பழைய கண்தான். என்னைப் பார்த்ததும் ஈரமானது. ஸ்டூலை இழுத்துப் போட்டு முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. இத்தனை வருஷம் வராதது அன்றைக்கு வந்தது. "சார், நான் கேக்கறேன். தூக்கும்போது கயிறு என் கையில இருந்துச்சா? இருந்துச்சுன்னா தலைய ஆட்டுங்க."

தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் அசைக்கவில்லை. பிறகு விழாத இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். தழும்பின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றினார். மெதுவாக, முழுசாக ஒரு சுற்று. அப்புறம் கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததால் சிரித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

கயிற்றைச் சுற்றிக் காட்டினாரா? அவிழ்த்துக் காட்டினாரா? வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்கு வந்தேன். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து என் மணிக்கட்டில் நானே சுற்றிப் பார்த்தேன், அவிழ்த்துப் பார்த்தேன். அவர் விரல் போன பக்கம் எனக்கு அவிழ்க்கிற பக்கம். ஆனால் அவர் எனக்கு எதிரில் படுத்திருந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அதுவே சுற்றுகிற பக்கம். மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். போனபோது கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தான்.

அன்றிலிருந்து டிரம் நிற்கிற சத்தம் கேட்டால் என் மணிக்கட்டில் ஒரு விரல் சுற்றுகிறது. டாக்டர் நரம்பு என்கிறார். மருமகள் பிரஷர் என்கிறாள். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கவனிக்கத் தொடங்கினால் நின்றுவிடுகிறது.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். வெளியிடுகிற கூட்டத்துக்குப் போயிருந்தேன், பின் வரிசையில் இடம் கிடைத்தது. அவர் எழுதி வைத்திருந்த கட்டுரை ஒன்றை அதில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் மருமகள் படித்துக் காட்டினாள். தொட்டியில் குதித்த என்றோ விழுந்த என்றோ எழுதாமல், தொட்டிக்குள் போன ஒரு தோல் தொழிலாளி என்று எழுதியிருக்கிறார். அதற்கு எத்தனை நாள் யோசித்தாரோ. "ஒருவர் தன்னைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள மறுக்கிறார் என்பதும் அவரைப் பற்றிய அறிவுதான்" என்று ஒரு வரி இருக்கிறது. மறுத்தேன் என்று எழுதியது தப்பு. நான் மறுக்கவில்லை, தள்ளிப் போட்டேன். அவர் இருந்திருந்தால் இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருப்பேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் அவர் தம்பியும் கிணறும் செருப்பும் வருகிறது. "இறங்கத்தான் கழற்றியிருப்பீர்கள் என்று ஒரு தோல் தொழிலாளி என்னிடம் சொன்னார். மனிதனின் இயல்பைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மீதி நாட்களை வாழ்ந்தேன்" என்று எழுதியிருக்கிறார். கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சாருடைய கருணை, சாருடைய பார்வை என்றார்கள். மைக் பிடித்த ஒருத்தராவது அந்தத் தொழிலாளி யார் என்று கேட்டாரா? நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் இறங்கத்தான் செருப்பைக் கழற்றினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. நான் அந்தக் கிணற்றைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு மனுஷன் எதிரில் உட்கார்ந்து அந்த மாதிரி பார்த்தால் வேறு என்ன சொல்ல முடியும்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படியானால், கொக்கியோடு ஓடிவந்த அந்தக் கிழவர், ஒருத்தன் செத்ததையும் ஒருத்தன் சாகக் கிடந்ததையும் பார்த்துக் "குதிச்சிட்டான்" என்று கத்தினாரே, அவருக்கும் வாய் தானாகத்தான் சொல்லிற்றோ? அவர் என் முதுகைப் பார்த்துச் சொன்னாரா, கிடந்த என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? நான் ஒருத்தருக்குக் கொடுத்ததுதான் எனக்கும் ஒருத்தர் கொடுத்ததா? இதைக் கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்றைக்கும் இரண்டு டீ சொல்லிவிடுகிறேன், பழக்கத்தில்.

கயிறு ஆணியில்தான் இருக்கிறது. கூட்டாளியின் பெண்ஜாதிக்கு வயசாகிவிட்டது. இந்த வருஷமும் வந்தது, பூ சுற்றியது. நான் பக்கத்தில் நின்றேன். அதனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அதற்கு இந்தப் பக்கங்களை யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.

கல்லூரிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தப் புத்தகத்தை அடுத்த தடவை அச்சடிக்கும்போது, "ஒரு தோல் தொழிலாளி" என்று இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு முழுசாகப் போடுங்கள். குதித்தவர் என்று போட வேண்டாம், விழுந்தவர் என்றும் வேண்டாம். சொன்னவர் என்று போடுங்கள். செருப்பை இறங்கத்தான் கழற்றினார் என்று அவருக்குச் சொன்னவன் நான். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை, இதற்கு யாரையும் மேல்விஷாரத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. அந்த மத்தியானத்தை எப்போது நினைத்தாலும் என் முதுகு தெரிவதில்லை. கண்ணாடி இல்லாத அவர் முகம் மட்டும்தான் தெரிகிறது. அங்கே நான் இருந்தேன். போடுங்கள்.